இரவெல்லாம் தொங்கிய கால்: மட்டக்களப்பில் ஆறாமல் நின்ற ஒரு புண் பற்றிய நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு மாவட்டத்தின் எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கேயுள்ள கடலோரப் பகுதியில், வாழும் ஒரு பெண்ணுக்கு 2018 ஆவணியில் காலில் ஏற்பட்ட சிறு காயம் ஆறுவதற்கு ஏறத்தாழ ஓராண்டு எடுத்தது. அந்தத் தாமதத்துக்கான காரணங்களில் ஒரு பகுதி புண்ணில் இருந்தது. மறு பகுதி அவர் இரவைக் கழித்த விதத்தில் இருந்தது. புண் பராமரிப்பில் ஈடுபடும் தாதியர், வைத்தியர், உளவளத்துணையாளர் ஆகியோருக்குப் பயன்படலாம் என்பதால், அவருடைய சம்மதத்துடன் இது எழுதப்படுகிறது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

நோயாளிக்கு அப்போது 57 வயது. ஒன்பது ஆண்டுகளாகச் சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு) மெட்போர்மினும், உயர் இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபினும் எடுத்துவந்தார். கடற்றொழிலாளியான கணவர் 2013இல் மாரடைப்பால் இறந்த பின்னர், இளைய மகள், மருமகன், நான்கு வயதுப் பேரன் ஆகியோருடன் சுனாமிக்குப் பின் அமைக்கப்பட்ட வீட்டுத்திட்டம் ஒன்றில் வாழ்ந்துவந்தார்.

2004 டிசம்பர் 26, போயா தினமான ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஏறியபோது அவருடைய குடும்பம் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் குடியிருந்தது. நாவலடி, டச்பார் பக்கங்களை அறிந்தவர்களுக்கு அந்த நிலத்தின் அமைப்பை விளக்க வேண்டியதில்லை: முன்னாலும் தண்ணீர், பின்னாலும் தண்ணீர், ஓடுவதற்கு மேடான இடம் எதுவும் இல்லை. அன்று அவர் தம் தாயையும் மூத்த மகளையும் இழந்தார். தாயின் உடல் கிடைத்தது. மகளின் உடல் கிடைக்கவில்லை. அதற்காக அவர் வைத்தியசாலை நடைபாதைகளில் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்த உடல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சென்றார் என்பதை எமக்குப் பின்னர் சொன்னவர் இளைய மகளே. நோயாளி எம்மிடம் அதைப் பற்றி நேரடியாகப் பேசியது மிகக் குறைவு. நாமும் தூண்டிக் கேட்கவில்லை.

காயம் ஏற்பட்ட விதத்தில் விசேடமாக எதுவும் இல்லை. வீட்டுத் தகரப் படலையின் விளிம்பு வலது காலில், உட்பக்கக் கணுக்காலுக்குச் சற்று மேலே கீறியது. அருகிலிருந்த அரச மருந்தகத்தில் ஏற்பு ஊசி போட்டு மருந்து கட்டினார்கள். இரண்டு மூன்று வாரங்களில் காய்ந்திருக்க வேண்டிய கீறல், ஐப்பசி மாதத்தில் நான்கு சென்ரிமீற்றர் நீளமும் மூன்று சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட புண்ணாகியிருந்தது.

அவதானிக்கப்பட்டவை

வழமையான பரிசோதனைகள் அனைத்தும் செய்யப்பட்டன. புண்ணிலிருந்து எடுத்த மாதிரியில் வளர்ந்த கிருமிக்கு ஏற்ற நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கப்பட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு பாதிக்கப்பட்டிருக்கவில்லை. பாதத்து நாடித்துடிப்புகள் விரலுக்கு நன்றாகத் தட்டுப்பட்டன. கணுக்கால் இரத்த அழுத்தத்துக்கும் கை இரத்த அழுத்தத்துக்கும் உள்ள விகிதம் 1.0ஐ அண்மித்திருந்தது. சீனி வருத்தக்காரரின் நாடிச் சுவர் கடினமாகி அந்த விகிதத்தைப் பொய்யாக உயர்த்திக் காட்டக்கூடும் என்பதால், டொப்ளர் கருவியில் ஓட்டத்தின் ஒலியும் கேட்டுப் பார்க்கப்பட்டது. காலுக்கு இரத்தம் போய்ச் சேருவதில் குறை இல்லை என்பது இவ்வாறு உறுதியானது. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சீனி அளவைக் காட்டும் எச்பிஏ1சி 9.6 வீதமாக இருந்தது.

நகரத்திலுள்ள பெரிய வைத்தியசாலைக்கு வாரம் மூன்று முறை வந்து மருந்து கட்டுமாறு அவருக்குக் கூறப்பட்டிருந்தது. கிளினிக் கொப்பியில் அத்திகதிகளுக்கு நேரே 'வரவில்லை' என்ற குறிப்பே அதிகமாக இருந்தது. ஒரு பக்கத்தில் 'ஒத்துழைப்புக் குறைவு' என்றும் எழுதப்பட்டிருந்தது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் மழை இறங்கியதும் புண் ஆறு சென்ரிமீற்றருக்கு நீண்டு, ஓரங்கள் வெளுத்து ஊறி, கட்டுத்துணியை நனைக்கும் அளவுக்கு நீர் கசியத் தொடங்கியது.

2019 தையில் அவர் எமது பராமரிப்புக்கு வந்தபோது காலை எட்டு மணி இருக்கும். வலது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கியிருந்தது. இடது காலிலும் வீக்கம் இருந்தது. பகல் முழுவதும் நின்று வேலை செய்பவர்களுக்கு மாலையில் கால் வீங்குவதும், இரவு படுத்தெழுந்தால் அது வடிவதும் இயல்பு. இவருக்குக் காலையிலேயே, விரலால் அழுத்தினால் குழி நின்று மெதுவாக நிரம்பும் அளவுக்கு வீக்கம் இருந்தது. காலைத் தூக்கிப் பார்த்த தாதிய உத்தியோகத்தர், தொடையின் பின்புறத்தில், முழங்கால் மடிப்புக்கு நான்கு விரற்கடை மேலே, குறுக்காக ஒரு சிவந்த தடம் பதிந்திருப்பதைக் கண்டார். அது பிளாஸ்டிக் கதிரையின் விளிம்பு பதிந்த தடம். அவர் இரவு முழுவதும் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

கணுக்காலில், புண்ணுக்குச் சற்று மேலே, கோயிலில் கட்டிய நூல் ஒன்று வீங்கிய தசைக்குள் புதைந்து கிடந்தது. நூலுக்கு மேலும் கீழும் தோலின் நிறம் வேறுபட்டிருந்தது.

மூன்றாவது அவதானம், மருந்து கட்டும்போது கிடைத்தது. உப்புநீர்ப் போத்தலைத் திறந்து புண்ணின் மேல் ஊற்றிக் கழுவத் தொடங்கியதும், அதுவரை 80ஐ ஒட்டியிருந்த நாடித்துடிப்பு 120ஐத் தாண்டியது. அவர் வலியால் முனகவில்லை, காலையும் இழுக்கவில்லை. ஆனால் கண்கள் அறையின் கதவில் நிலைத்திருந்தன; பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதற்குச் சிறிது நேரம் பதில் இல்லை. வலிக்கு ஒருவர் காட்டும் எதிர்வினை இதுவல்ல என்பது அந்த அறையில் நின்ற எல்லோருக்கும் விளங்கியது.

இரவு எங்கே, எப்படிப் படுக்கிறார் என்று அதன் பின்னரே கேட்கப்பட்டது. மகள் சொன்னதன்படி, கணவர் இறந்த நாளிலிருந்து அவர் முன்வாசலுக்கு நேரே கதிரை போட்டு, கதவைச் சாத்தாமல், காலைத் தொங்கவிட்டபடி விடியும்வரை இருப்பார். மழை நாட்களில் ஒரு கண்ணயர்வுகூட இராது. தனியார் மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்த நித்திரைக் குளிசைகளை அவர் ஒருநாளும் விழுங்கியதில்லை. காரணம் கேட்டபோது மட்டும் நோயாளி தாமாகவே வாய்திறந்தார்: "நான் நித்திரையாப் போனா, தண்ணி வந்தா பிள்ளைய ஆர் தூக்குற?"

இந்த அச்சத்தை வெறும் கற்பனை என்று தள்ள இடமில்லை. 2012 ஏப்ரல் 11ஆந் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தைத் தொடர்ந்து இந்தக் கரையெங்கும் சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டு மக்கள் ஓடினார்கள். அலை வரவில்லை, ஆனால் விழித்திருப்பவரே முதலில் ஓடமுடியும் என்ற அவருடைய எண்ணம் அன்று உறுதிப்பட்டது.

துயரம் புண்ணைச் சென்றடைந்த வழிகள்

மனப்பாதிப்புக்கும் உடற்காயத்துக்கும் தொடர்பு உண்டு என்பது புதிய செய்தியல்ல. அமெரிக்காவின் ஒஹாயோவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரும் குழுவினரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், மறதிநோயுற்ற உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்களுக்கும், அத்தகைய சுமையற்ற 13 பெண்களுக்கும் கையில் 3.5 மில்லிமீற்றர் அளவில் ஒரேமாதிரியான சிறு காயம் ஏற்படுத்திப் பார்த்தார்கள். பராமரிப்பாளர்களின் காயம் ஆறச் சராசரியாக ஒன்பது நாட்கள் கூடுதலாக எடுத்தது. 1998இல் பல் மருத்துவ மாணவர் 11 பேரிடம் செய்த ஆய்வில், விடுமுறைக் காலத்தைவிடப் பரீட்சைக் காலத்தில் மேல்அண்ணத்துக் காயம் ஆற 40 வீதம் அதிக காலம் சென்றது. மனஅழுத்தத்தில் சுரக்கும் கோர்ட்டிசோல், காயம்பட்ட முதல் நாட்களில் வெண்குருதிக் கலங்களை அங்கு அழைக்கும் சமிக்ஞைப் புரதங்களைக் குறைக்கிறது. அதிரினலீன் வகைச் சுரப்புகள் தோலின் நுண்குழாய்களைச் சுருக்கி ஒட்சிசன் வரத்தைக் குறைப்பதுடன், புண்ணை மூடுவதற்காக ஓரத்திலிருந்து நகரும் தோற்கலங்களையும் தாமதப்படுத்துகின்றன.

ஆனால் இந்த விளக்கத்தோடு நின்றுவிடுவது ஆபத்தானது என்பது எமது கருத்து. நெடுநாள் அதிர்ச்சிப் பாதிப்பில் கோர்ட்டிசோல் எப்போதும் உயர்ந்திருப்பதில்லை. சிலரில் அது வழமையைவிடக் குறைவாகவும் காணப்படுகிறது. எல்லாவற்றையும் ஒரு சுரப்பின் தலையில் கட்டிவிட்டால், கண்முன்னே கிடக்கும் காரணங்கள் தவறிப்போகும். 'இது மனவருத்தம்' என்ற ஒற்றைச் சொல்லோடு நோயாளியைத் திருப்பி அனுப்பும் வழக்கத்துக்கும் அதுவே வசதியாகிவிடுகிறது.

இவருடைய விடயத்தில் துயரம் மிகச் சாதாரணமான வாசல்கள் ஊடாகவே புண்ணைச் சென்றடைந்திருந்தது. முதலாவது, தொங்கிய கால். நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகித் தளர்ந்து, இதயத்துக்குத் திரும்பும் குழாய்களான நாளங்களிலுள்ள இரத்தத்தை மேலே தள்ளுகிறது. படுக்கும்போது அது தானாகவே வடிகிறது. பகலில் வீட்டு வேலை, இரவில் அசையாத கதிரை என்று இருபத்துநான்கு மணிநேரமும் கால் கீழேயே இருந்தால், கணுக்கால் நாளங்களின் அழுத்தம் ஒருபோதும் இறங்குவதில்லை. நீர் திசுக்களுக்குள் கசிந்து, ஒட்சிசனும் போசணையும் புண்ணின் அடித்தளத்துக்குப் போய்ச் சேருவது தடைப்படுகிறது. புண் இருந்த இடமும், அதாவது உட்பக்கக் கணுக்காலுக்கு மேலே, நாளத் தேக்கத்தால் புண் வரும் இடமே. அம்லோடிபினும் கால் வீக்கத்தை உண்டாக்கும் மருந்து என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழியை முழுக்கக் கதிரையின் மேல் போடுவது நேர்மையாகாது.

இரண்டாவது, நித்திரையின்மை. நித்திரை குறையும்போது உடல் இன்சுலினுக்குக் காட்டும் உணர்திறன் குறைகிறது, சீனி ஏறுகிறது, சீனி ஏறினால் கிருமியை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் மந்தமடைகின்றன. மூன்றாவது, உணவு. சுனாமிக்குப் பின் சில மாதங்கள் கடல்மீன் உண்ண மறுத்தவர்கள் இக்கரையில் பலர். இவர் பதினான்கு ஆண்டுகளாக உண்ணவில்லை. அதற்கு மேல், புண் வந்ததிலிருந்து கிரந்திச் சாமான், அதாவது புண்ணைக் கிளப்பும் உணவு, என்று முட்டையையும் கத்தரிக்காயையும் அயலவர்கள் விலக்கியிருந்தார்கள். சோறும் சொதியும் மட்டும் உண்டவருடைய இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைந்திருந்ததில் வியப்பில்லை. நான்காவது, 'வரவில்லை' என்ற குறிப்புகளின் பின்னாலிருந்த காரணம். அவர் மகளின் உடலைத் தேடிய நடைபாதையைக் கடந்தே மருந்து கட்டும் அறைக்குப் போக வேண்டியிருந்தது. பல நாட்களில் அவர் ஓட்டோவில் வாசல்வரை வந்து திரும்பிச் சென்றிருக்கிறார் என்று மருமகன் கூறினார்.

எடுக்கப்பட்ட தீர்மானங்கள்

கட்டிலில் படுக்கச் சொல்வது இல்லை என்பதே முதல் தீர்மானம். காவல் இருப்பதைக் கைவிடுமாறு கேட்டால் அவர் எம்மையே கைவிட்டிருப்பார். ஆகவே காவல் இருக்கட்டும், கால் மட்டும் உயரட்டும் என்று முடிவாயிற்று. வீட்டில் கணவர் பாவித்த சாய்மனைக் கதிரை ஒன்று தூசிபடிந்து கிடந்தது. அதை வாசலுக்கு நேரே, கதவு திறந்தபடியே, போட்டு, எதிரே ஒரு ஸ்டூலில் இரண்டு தலையணைகளை அடுக்கி, பாதம் இதயத்தின் மட்டத்துக்கேனும் வருமாறு ஒழுங்கு செய்யப்பட்டது. கூடவே மருமகனுடன் தனியாகப் பேசப்பட்டது. நள்ளிரவுவரை அவரும், அதன் பின்னர் நோயாளியும் காவல் என்று முறைவைத்துக் கொண்டார்கள். ஆவணங்கள் அடங்கிய பை கதவருகே தொங்கவிடப்பட்டது. எச்சரிக்கை வந்தால் பேரனைத் தூக்குபவர் மருமகன், போகும் பாதை இது என்று எல்லோருக்கும் தெரியும்படி பேசி முடிவெடுக்கப்பட்டது. ஆபத்து இல்லை என்று அவரை நம்பவைக்க முயலாமல், ஆபத்துக்கு ஆயத்தம் செய்து கொடுத்ததே அவருக்கு ஓரளவு நித்திரையைக் கொடுத்தது என்று கருதுகிறோம்.

மருந்து கட்டும் இடம் வீட்டுக்கு அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டது. வாரம் ஒருமுறை பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் வீட்டுக்கே சென்றார். உப்புநீரை ஊற்றுவது நிறுத்தப்பட்டு, நனைத்த துணியால் ஒற்றித் துடைக்கப்பட்டது. ஒவ்வொரு படியும் தொடங்குமுன் சொல்லப்பட்டது; அவர் கையை உயர்த்தினால் நிறுத்துவது என்று ஒத்துக்கொள்ளப்பட்டது. நாடி ஓட்டம் போதுமானது என்று முன்னரே உறுதியாகியிருந்ததால், விரல் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை அழுத்தக் கட்டு போடப்பட்டது. அதைச் சுற்றும் முறை மகளுக்கும் கற்பிக்கப்பட்டது.

கணுக்கால் நூலை அறுப்பது பற்றிக் குழுவுக்குள் விவாதம் எழுந்தது. கத்தரிக்கோலால் வெட்டியெறிவது ஒரு நொடி வேலை. ஆனால் அது அவருடைய நேர்த்தி. அவர் வழிபடும் கண்ணகி அம்மன் கோயிலின் பூசகரான கட்டாடியாரிடம் மகள் போய்ச் சொல்ல, அவரே வீட்டுக்கு வந்து நூலைக் கழற்றிக் கைமணிக்கட்டில் கட்டிவிட்டார். முட்டை உண்ணலாம் என்று அவர் சொன்ன சொல், எமது போசணை ஆலோசனை முழுவதையும்விடக் கூடிய பலனைத் தந்தது. கௌபி, முட்டை, குளத்து மீன் ஆகியன சாப்பாட்டில் சேர்ந்தன. கடல்மீன் பற்றி எவரும் பேசவில்லை.

மருந்துகளில், அம்லோடிபினுக்குப் பதிலாக லொசார்டன் கொடுக்கப்பட்டது; இரவில் ஒரு வேளை இன்சுலின் தொடங்கப்பட்டது. மனநலப் பிரிவின் வைத்திய அதிகாரி அதிர்ச்சிக்குப் பிந்திய மனஅழுத்தப் பாதிப்பும் மனச்சோர்வும் இருப்பதாக மதிப்பிட்டு, சேர்ட்ரலினைக் குறைந்த அளவில் தொடங்கினார். சேர்ட்ரலின் சீனியின் அளவை மாற்றக்கூடும் என்பதால் வீட்டில் விரல்நுனிப் பரிசோதனை அடிக்கடி செய்யப்பட்டது. டயசிபாம் வகை நித்திரை மருந்துகள் தவிர்க்கப்பட்டன. இத்தகைய பாதிப்புக்கு அவை பரிந்துரைக்கப்படுவதில்லை என்பது ஒரு காரணம். விழிக்கமுடியாத நித்திரை இவருக்கு ஆறுதலாக இராமல் அச்சமாகவே இருக்கும் என்பது மற்றது. நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் கொட்டவைக்கும் முறையும் தவிர்க்கப்பட்டது. உளவளத்துணையாளர் முதலில் சில வாரங்கள் மூச்சுப் பயிற்சியையும், பதற்றம் ஏறும்போது தரையில் பாதத்தை ஊன்றிச் சுற்றியுள்ளவற்றைப் பெயர்சொல்லி அடையாளம் காணும் பழக்கத்தையும் மட்டுமே செய்வித்தார்.

தொடர்ந்து நடந்தவை

இரண்டு வாரங்களில் காலைநேர வீக்கம் கண்ணுக்குத் தெரியும்படி வடிந்தது. நான்கு வார முடிவில் புண்ணின் பரப்பு பாதிக்கும் கீழாகச் சுருங்கியிருந்தது. பங்குனி நடுப்பகுதியில் அடித்தளம் முழுவதும் சிவந்த புதுத்திசுவால் நிரம்பி, ஓரத்திலிருந்து மெல்லிய இளஞ்சிவப்புத் தோல் உள்நோக்கி வளரத் தொடங்கியது. சித்திரைப் புத்தாண்டின்போது அது ஐந்து சத நாணயத்தின் அளவுக்கு வந்திருந்தது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு நகரில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் சிறுவர்கள் பலர். நோயாளியின் உறவினர் எவரும் அங்கு இருக்கவில்லை. ஆனால் அது மறுபடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. மறுபடியும் அம்புலன்ஸ் ஒலிகள், வைத்தியசாலை வாசலில் பிள்ளைகளைத் தேடும் பெற்றோர் என்ற செய்திகள். ஊரடங்குச் சட்டத்தாலும் சோதனைகளாலும் வீட்டுத் தரிசிப்பு தடைப்பட்டது. அவர் சாய்மனைக் கதிரையை விட்டு, பழைய பிளாஸ்டிக் கதிரைக்குத் திரும்பினார்; இரண்டு நாட்கள் எதுவும் உண்ணவில்லை. வெறும்வயிற்றுச் சீனி மீண்டும் 200ஐத் தாண்டியது. மே தொடக்கத்தில் பார்த்தபோது புதுத்தோலின் ஒரு பகுதி கரைந்து, புண் இருமடங்காகியிருந்தது.

அது அதற்கும் மேல் போகாமல் காத்தது மகளின் கை. எவரும் வரமுடியாத அந்த நாட்களிலும் அவர் அழுத்தக் கட்டை நாள்தோறும் அவிழ்த்துச் சுற்றியிருந்தார். உளவளத்துணையாளர் தொலைபேசியில் பேசினார். மருமகன் காவல் முறையைத் திரும்பத் தொடங்கினார். கண்ணகி அம்மனின் வைகாசிச் சடங்கு முடிந்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திப் பாடல் பாடிய இரவில் நோயாளி கோயிலில் இருந்தார் என்று மகள் சொன்னார். அடுத்த வாரம் வந்தபோது, பல மாதங்களுக்குப் பின் முதன்முறையாக, நேரம் போவது தெரியாமல் நித்திரை கொண்டதாகக் கூறினார். ஆடி மாதத்தில் புண் முழுவதும் மூடியது. எச்பிஏ1சி 7.7 வீதத்துக்கு இறங்கியிருந்தது.

முழு வெற்றி என்று இதைச் சொல்வதற்கில்லை. அவ்வாண்டு மார்கழியில், தழும்பின் ஓரத்தில் ஒரு சிறு வெடிப்பு மறுபடியும் கசிந்தது. முன்னரே எதிர்பார்த்திருந்ததால் ஓரிரு வாரங்களில் அடங்கியது. கதவு இன்றும் இரவில் சாத்தப்படுவதில்லை. பெரிய வைத்தியசாலைக்குக் கண் பரிசோதனைக்காகப் போகவேண்டியிருந்தபோது மகளின் கையைப் பிடித்தபடி வேறு வாசலால் சென்று வந்தார்.

இனி மாற்ற வேண்டியவை

பல மாற்றங்கள் ஒரே காலத்தில் செய்யப்பட்டதால், எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அழுத்தக் கட்டும் அம்லோடிபினை நிறுத்தியதுமே பெரும்பங்கைச் செய்திருக்கலாம் என்று வாதிடுபவர் எமது குழுவிலேயே உள்ளார். அதை மறுக்க எம்மிடம் ஆதாரமில்லை. ஆனால் சாய்மனைக் கதிரையும் காவல் முறையும் இல்லாமல் அந்தக் கட்டு ஓர் இரவுகூட நின்றிருக்குமா என்பதே எமது பதில் வினா. ஏப்ரலில் நேர்ந்த பின்னடைவு அந்த வினாவுக்கு வலுச் சேர்க்கிறது: கட்டு நாள்தோறும் சுற்றப்பட்டது, மருந்து மாறவில்லை, பெரிதும் மாறியது இரவே.

ஆறாத கால் புண்ணோடு வருபவரிடம் 'இரவு எங்கே, எந்த நிலையில் படுக்கிறீர்கள், கால் எங்கே இருக்கும்' என்ற கேள்வி முதல் நாளிலேயே கேட்கப்பட வேண்டும். அது உளவியல் கேள்வியாகத் தோன்றாததால் எவரும் கூச்சமின்றிப் பதில் சொல்கிறார்கள். காலைநேர வீக்கம் தனியாகப் பதியப்பட வேண்டும். 'வரவில்லை' என்ற குறிப்புக்கு அருகே காரணத்துக்கு ஒரு கோடு விடப்பட்டால், 'ஒத்துழைப்புக் குறைவு' என்ற தீர்ப்பை எழுதும் தேவை பெரும்பாலும் ஏற்படாது. மார்கழி மாதத்தை, குறிப்பாக 26ஆந் திகதியை ஒட்டிய வாரங்களை, சீனிக் கிளினிக்கின் நாட்காட்டியில் கவனத்துக்குரிய காலமாகக் குறித்து, கரையோரக் கிராமத்தவர்களை முன்கூட்டியே அழைத்துப் பார்ப்பது எமது இடத்தில் இப்போது நடைமுறைக்கு வந்துள்ளது.

இதில் ஓர் இடர்ப்பாடு எஞ்சியிருக்கிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மருந்து கட்டுபவர்களிலும் கடலுக்கும் யுத்தத்துக்கும் உறவுகளைக் கொடுத்தவர்கள் பலர். அந்தக் கேள்வியைக் கேட்பது அவர்களுக்கும் இலகுவானதல்ல. மேலே சொன்ன உப்புநீர்ப் போத்தலைக் கையில் பிடித்திருந்த தாதிய உத்தியோகத்தர் அன்று மாலை வேறொருவரிடம் பொறுப்பைக் கொடுக்கக் கேட்டார், கொடுக்கப்பட்டது. ஆகவே எவர் கேட்பது என்பதை முறைப்பட்டியலுக்கு விடாமல், விருப்பம் அறிந்தே ஒழுங்கு செய்கிறோம். கேட்பவர் பின்னர் எவரிடம் பேசலாம் என்பதையும் அவ்வொழுங்கிலேயே சேர்த்திருக்கிறோம்.